தைமானியாத் தீவுகள்: ஸ்நார்கெல் படகா, ஸ்கூபாவா, இரவுத் தங்கலா?

மஸ்கட்டில் வேலை பார்க்கும் நம்மவர்களிடையே இந்தக் கேள்வி வருடத்துக்கு இரண்டு முறை கிளம்பும். பள்ளி விடுமுறை வரும் ஜூன், ஜூலையில் ஒரு முறை. வெயில் தணிந்த டிசம்பரில் இன்னொரு முறை. வெள்ளிக்கிழமை லீவு, கையில் கொஞ்சம் ரியால், "அந்த ஆமைத் தீவுக்கு எந்தப் படகில் போகலாம்?" என்று விசாரிப்பார்கள். படகைப் பற்றிய கேள்வி இரண்டாவதுதான். முதலில் கேட்க வேண்டியது "எந்த மாதம் போகிறீர்கள்?" என்பது. மாதம் முடிவானால் பாதித் தேர்வுகள் தாமாகக் கழன்றுவிடும்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஓமானின் பாத்தினா கடற்கரைக்கு எதிரே, பர்காவுக்கும் சவாதிக்கும் நேராக ஏறக்குறைய 18 கிலோமீட்டர் தொலைவில் கிடக்கும் 9 சிறு தீவுகள். சுண்ணாம்புப் பாறை, கொஞ்சம் வெள்ளை மணல், முழங்கால் உயர உப்புச் செடிகள், அவ்வளவுதான். குடிநீர் இல்லை, மரம் இல்லை, குடியிருப்பு இல்லை. 1996இல் அரச ஆணையால் இயற்கைக் காப்பகம் ஆனது. அழுங்காமை, பேராமை என்ற இரண்டு வகைக் கடலாமைகள் இங்கே முட்டையிடுகின்றன. ஆலாக்கள், கடற்காகங்கள், விராலடிப்பான், புகைநிற வல்லூறு எல்லாம் கூடு கட்டுகின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைத் தெரிந்தவர்களுக்கு இந்தச் சூழல் புதிதாக இருக்காது, பச்சையை மட்டும் கழித்துவிட வேண்டும்.

எதை வைத்து முடிவெடுப்பது

ஐந்து விஷயங்களை முதலில் வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.

தீவில் கால் வைத்தே ஆக வேண்டுமா? மே 1 முதல் அக்டோபர் 31 வரை தரையில் இறங்கத் தடை. படகில் போகலாம், நீரில் இறங்கலாம், மணலை மிதிக்கக் கூடாது.

எந்த உயிரினத்தைப் பார்க்க ஆசை? ஆமையை நீருக்குள் பார்ப்பது வேறு, முட்டையிடப் பார்ப்பது வேறு. பின்னதற்கு இந்தத் தீவு சரியான இடமே அல்ல, காரணம் கீழே.

உடல் எந்த அளவுக்குத் தாங்கும்? நீச்சல் தெரியாதது பெரிய தடை அல்ல. முதுகு வலியும் கடல் குமட்டலும்தான் பெரிய தடை.

கடைசியில் ஆகும் மொத்தச் செலவு எவ்வளவு? விளம்பரத்தில் இருக்கும் தொகை அல்ல. காப்பக நுழைவுக் கட்டணம், முகமூடி, துடுப்புக் காலணி, வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) வாடகை, துறைக்குப் போகும் டாக்ஸி எல்லாம் சேர்ந்தது.

உங்கள் வருகை தீவுக்கு எவ்வளவு பாரம்? மற்ற நான்கையும் அலசுபவர்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அனுமதிச் சீட்டின் விதிகள் எல்லாமே இதிலிருந்து பிறந்தவைதான்.

மாதக் கணக்கு

| மாதம் | இறங்கலாமா | கடல் | கிடைப்பது |
|---|---|---|---|
| நவம்பர், டிசம்பர் | ஆம் | பெரும்பாலும் அமைதி, இடையில் ஷமால் என்ற வடமேற்குக் காற்று | நீரில் ஆமைகள், இதமான வெயில் |
| ஜனவரி – மார்ச் | ஆம் | ஷமால் அடிக்கடி, நீர் 22–24 டிகிரி | விராலடிப்பான் கூடுகள். பாசி பூத்தால் கலங்கல் |
| ஏப்ரல் | ஆம் | அமைதி | அழுங்காமைகள் கரையேறும் காலம் |
| மே – ஜூலை | இல்லை | அமைதி, 40 டிகிரியைத் தாண்டும் வெயில் | ஆமைகள், கூடு கட்டும் ஆலாக்கள் |
| ஆகஸ்ட் – அக்டோபர் | இல்லை | அமைதி, ஆழத்தில் குளிர்ந்த நீர் | திமிங்கலச் சுறா வாய்ப்பு, வல்லூறுக் குஞ்சுகள் |

அட்டவணையை இன்னொரு முறை பாருங்கள். தீவில் இறங்க விடும் மாதங்களும், தீவில் உயிர் ததும்பும் மாதங்களும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் நிற்கின்றன. இது தற்செயல் அல்ல. புகைநிற வல்லூறு மடகாஸ்கரிலிருந்து வந்து, மற்றப் பறவைகள் ஒதுங்கும் கொடும் வெயிலில் இங்கே முட்டையிடுகிறது. தெற்கே வலசை போகும் சிறு பறவைகள் செப்டம்பர், அக்டோபரில் இந்தக் கடலைக் கடக்கும்போது குஞ்சுகளுக்கு இரை கிடைக்கும் என்பதுதான் அதன் கணக்கு. முட்டைகள் பாறை இடுக்கின் நிழலில் இருக்கும். ஆள் நடமாட்டத்தால் தாய் எழுந்து பறந்தால், நிழல் போன முட்டை அந்த வெயிலில் வெந்துவிடும். ஆலாவுக்கும் அதே கதைதான். "ஒரு போட்டோ எடுத்துட்டு உடனே வந்துடுறோம்" என்று படகோட்டியிடம் கெஞ்சுபவர்களுக்கு இந்த வெயில் கணக்கு தெரிவதில்லை.

புயலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அரபிக்கடல் புயல்கள் பருவமழைக்கு முன்னும் பின்னும் வரும். 2007 ஜூனில் கோனு, 2021 அக்டோபர் 3இல் இதே பாத்தினா கரையில் ஏறிய ஷாஹீன். அந்த மாதங்களில் பணத்தைத் திருப்பித் தரும் விதியைப் படிக்காமல் முன்பதிவு செய்யாதீர்கள்.

அரை நாள் ஸ்நார்கெல் படகு

முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டு நீரின் மேலேயே மிதந்து பார்ப்பது ஸ்நார்கெல். பத்தில் ஏழு குடும்பங்களுக்கு இதுதான் பொருந்தும். மஸ்கட் பக்கம் அல் மூஜ் துறையிலிருந்து விரைவுப் படகில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். பர்கா, சவாதி பக்கமிருந்து கிளம்பினால் அதில் பாதி. இரண்டு இடங்களில் நீரில் இறக்குவார்கள். ஆமை, கிளி மீன், கோமாளி மீன், மஞ்சள் கீளிக் கூட்டம் எல்லாம் மூன்று நான்கு மீட்டர் ஆழத்திலேயே தெரியும். ஆமையைப் பார்க்க ஆழம் தேவையில்லை என்பதுதான் இந்தத் தீவுகளின் சிறப்பு. மூச்சு வாங்க அது உங்கள் மட்டத்துக்கே வரும்.

காலைப் படகையே எடுங்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பி நீர் சிலுப்பத் தொடங்கும். போகும்போது சுகமாக இருந்த படகு திரும்பும்போது தூக்கித் தூக்கிப் போடும். உட்காரும் இடம் மிக முக்கியம். எல்லாரும் ஆசைப்படும் முன்பக்கம்தான் அதிகம் குதிக்கும் இடம். முதுகு, கழுத்துத் தொல்லை உள்ளவர்களும் வயதான பெற்றோரும் பின்பக்கம், இயந்திரத்துக்குச் சற்று முன்னால் அமர வேண்டும். கர்ப்பிணிகள் விரைவுப் படகில் ஏறவே வேண்டாம், கடல் கண்ணாடி போல இருந்தாலும். குமட்டல் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே போட்டுக்கொள்ளுங்கள். குமட்டிய பிறகு விழுங்கினால் அதுவும் சேர்ந்து வெளியே வரும்.

சொதப்புவது பெரும்பாலும் முகமூடியில்தான். மீசை வைத்தவர்களுக்கு மூக்குக்குக் கீழே நீர் கசிந்துகொண்டே இருக்கும். மேலுதட்டை ஒட்டி ஒரு கோடு மழித்துவிட்டால் தீரும், மனசு வராதவர்கள் அந்த இடத்தில் சிலிகோன் கிரீஸ் தடவலாம். கண்ணாடி போடுபவர்கள் பவர் லென்ஸ் முகமூடி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள், இல்லாவிட்டால் ஆமை பச்சைப் புள்ளியாகத்தான் தெரியும். புது முகமூடி பனிபோல மூடிக்கொள்ளும். முந்தின நாளே உட்புறக் கண்ணாடியைப் பற்பசையால் தேய்த்துக் கழுவ வேண்டும். நீச்சல் தெரியாதவர்கள் மிதவைச் சட்டையோடு முகத்தைக் கவிழ்த்துக் கிடந்தால் போதும். பெண்களுக்கும் ஆண்களுக்கும் ரேஷ் கார்ட் என்ற முழுக்கை நீச்சல் சட்டையும் லெக்கிங்ஸும்தான் சிறந்த உடை. மூடிய தோலுக்கு வெயில் களிம்பு தேவைப்படாது, பவளத்துக்கும் அந்த எண்ணெய் போய்ச் சேராது. முதுகைவிட முழங்காலின் பின்பக்கம்தான் வேகும், அதை மறந்தவர்கள் இரண்டு நாள் உட்கார முடியாமல் அவதிப்படுவார்கள்.

மறைந்திருக்கும் செலவு: நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா, உபகரணம் சேர்ந்ததா, படகில் எத்தனை பேர் என்று மூன்றையும் கேளுங்கள். மலிவான படகு பெரும்பாலும் நெரிசலான படகு. இருபது பேர் ஒரே ஆமையைச் சுற்றி நின்றால் அது மூச்சு வாங்கவும் மேலே வர முடியாமல் ஒதுங்கும். குறைந்தது 3 மீட்டர் விட்டு, அதன் பக்கவாட்டில் மிதந்தால் அதுவே அருகில் மேயும். துரத்தினால் ஒரே உதையில் போய்விடும். உங்கள் காசும் அதோடு போகும்.

ஸ்கூபா படகு

காற்றுக் கலத்தை முதுகில் கட்டிக்கொண்டு ஆழத்தில் முங்குவது ஸ்கூபா. இதற்கான சான்றிதழை ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. பெரும்பாலான முங்கல்கள் 18 மீட்டருக்குள்ளேயே இருப்பதால் 18 மீட்டர் அனுமதி கொண்ட அடிப்படைச் சான்றிதழே போதும். தேன்கூட்டுப் புள்ளி விலாங்கு, வரிக்குதிரைச் சுறா, கணவாய், கடற்பாம்பு என்று மேற்பரப்பில் இருந்து கிடைக்காத காட்சிகள் உண்டு. கோடையில் மேலே நீர் 30 டிகிரிக்கு மேல் வெந்நீராக இருக்கும். பத்து பன்னிரண்டு மீட்டரில் திடீரெனக் குளிர் அடுக்கு தொடங்கும். ஆகவே ஆகஸ்டில் 3 மில்லிமீட்டர் சூட் போதும் என்று கடையில் யாராவது சொன்னாலும் 5 மில்லிமீட்டர் கேட்டு வாங்குங்கள்.

சான்றிதழ் இல்லாதவர்கள் முன்னோட்ட முங்கல் செய்யலாம். 12 மீட்டர் வரைதான், பயிற்றுநர் கூடவே இருப்பார். இதற்கு எங்கள் கருத்து நேரானது: ஆமைக்காக மட்டும் என்றால் வேண்டாம். முதல் முறை முங்குபவரின் கவனமெல்லாம் காதையும் மூச்சையும் சமாளிப்பதிலேயே போய்விடும். அதே ஆமையை ஸ்நார்கெலில் நிம்மதியாகப் பார்க்கலாம், செலவும் கணிசமாகக் குறையும்.

ஸ்கூபாவின் உண்மையான மறைமுகச் செலவு பணம் அல்ல, நேரம். ஒன்றுக்கு மேற்பட்ட முங்கலுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. இது பலருக்குத் தெரியும். தெரியாதது, மலைக்கும் இதே விதி என்பது. காலையில் முங்கிவிட்டு மாலையே ஜபல் அக்தர் போவது மஸ்கட்டுக்கு வருபவர்கள் வழக்கமாகப் போடும் திட்டம். அந்த மலையில் உள்ள சைக் பீடபூமி ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம். இரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜனுக்கு அது விமானமா மலையா என்ற பேதம் கிடையாது. அழுத்தம் குறைந்தால் குமிழாக வெளியேறும். மலையை முதல் நாளும் கடலை மறுநாளும் வையுங்கள், கடைசி நாளை வெறுமையாக விடுங்கள். சளி பிடித்திருந்தால் பணம் போனாலும் முங்காதீர்கள், காதுச் சவ்வு போனால் திரும்பக் கட்டிக்கொண்டு வரக் கடை கிடையாது.

முங்காத குடும்பத்தினரைக் கூட அழைத்துப் போகலாம் என்பார்கள். போகலாம்தான். ஆனால் இரண்டு முங்கலும் இடைவெளியும் முடியும்வரை அவர்கள் படகில் ஆடிக்கொண்டே காத்திருக்க வேண்டும். நிற்கும் படகில்தான் குமட்டல் அதிகம் வரும்.

இரவுத் தங்கல்

நவம்பர் முதல் ஏப்ரல் வரை மட்டும், சுற்றுச்சூழல் ஆணையத்தின் அனுமதியோடு, அவர்கள் குறிப்பிடும் கரையில் மட்டும். படகு நிறுவனமே அனுமதி வாங்கித் தரும் என்று வாய்ச்சொல்லில் விடாமல், உங்கள் பெயர் போட்ட அனுமதியை வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கிடைப்பது வேறெங்கும் கிடைக்காதது. ஊர் வெளிச்சம் தொலைவில் மங்க, தலைக்கு மேல் முழு வானம். குளிர்கால இறுதியில், பிப்ரவரி, மார்ச் வாக்கில், ஓமான் கடலில் நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகும். பகலில் நீரைப் பச்சைச் சாந்து போலக் கலக்கி ஸ்நார்கெல் போனவர்களை நொந்துகொள்ள வைக்கும் அதுவேதான், இரவில் அலை உடையும் இடமெல்லாம் நீல ஒளியாய் மினுக்கும். பகல் படகுக்கு மோசமான வாரம் இரவுத் தங்கலுக்கு நல்ல வாரம் ஆகலாம்.

இனி சுமைக் கணக்கு. தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர், குடிக்கவும் சமைக்கவும் மட்டும். அதோடு ஒரு முழு நாளுக்கான தண்ணீரும் உணவும் கூடுதல். ஷமால் பிடித்துக்கொண்டால் உங்களை ஏற்ற வரும் படகு சொன்ன நேரத்துக்கு வராது, அந்த முடிவு படகோட்டியின் கையில்கூட இல்லை. கூடாரத்தோடு வரும் கம்பி முளைகள் மணலில் நிற்காது. துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்தால்தான் காற்றுக்குத் தாங்கும். பனி கொட்டும், மேல்விரிப்பு இல்லாமல் படுத்தால் விடியலில் போர்வை பிழியும் அளவுக்கு நனைந்திருக்கும். உணவுப் பெட்டிக்கு இறுக்கமான மூடி வேண்டும், இருட்டியதும் துறவி நண்டுகள் ஊர்ந்து வரும். கழிப்பறை இல்லை. உட்காரும் மடிப்புக் கழிப்பறையும் பைகளும் கொண்டுபோய், அந்தப் பைகளையும் திரும்ப எடுத்து வர வேண்டும். இதைக் கேட்டதும் பாதிப் பேர் ஸ்நார்கெல் படகுக்கு மாறிவிடுவார்கள், அதில் தவறொன்றும் இல்லை.

தீவுக்கு ஏறும் பாரமும் இந்த வழியில்தான் அதிகம். ஓதத்தின் (கடலேற்றத்தின்) கோட்டுக்கு மேலே இருக்கும் மெத்தென்ற மணல் கூடாரத்துக்கு எவ்வளவு வசதியோ, ஆமைக்கும் அவ்வளவு வசதி. முட்டை பொரிய ஏறக்குறைய 2 மாதம் ஆகும். தடை முடிந்த கையோடு நவம்பரில் போகிறவர்களின் காலடியிலும் ஒரு கூடு இருக்கலாம். ஏப்ரலில் போகிறவர்களின் கூடாரத்துக்கு எதிரே ஓர் அழுங்காமை கரையேறலாம். வெள்ளை விளக்கு கண்டால் தாய் முட்டையிடாமல் கடலுக்குத் திரும்பும், குஞ்சு கடலை விட்டுவிட்டு விளக்கை நோக்கி நடக்கும். எனவே சிவப்பு விளக்கு மட்டும். தரையில் நெருப்பு மூட்டாதீர்கள். குழந்தைகள் தோண்டிய குழியை இருட்டுமுன் மூடிவிடுங்கள், உள்ளே விழும் குஞ்சால் ஏறி வர முடியாது. விராலடிப்பான் இங்கே தரையிலும் தாழ்ந்த பாறையிலும் குச்சி அடுக்கிக் கூடு கட்டும். தலைக்கு மேல் அது கத்திக்கொண்டே வட்டமிட்டால் நீங்கள் மிக அருகே வந்துவிட்டீர்கள் என்று பொருள், வந்த வழியே திரும்புங்கள். கிளம்புமுன் வீட்டிலேயே பைகளை உதறி எறும்பு, விதை, எலி இல்லை என்று பாருங்கள். எலி புகுந்த தீவில் தரையில் கூடு கட்டும் பறவை பிழைப்பது கடினம்.

யாருக்கு இது சரி: முன்பே பாலைவனத்தில் தங்கிப் பழகிய, நான்கு முதல் ஆறு பேர் கொண்ட குழுவுக்கு. சிறு குழந்தைகள் இருந்தால் வேண்டாம்.

மீன்பிடிப் படகை வாடகைக்குப் பிடிப்பது

சவாதி, பர்கா கரையில் விலை பேசினால் யாராவது ஒப்புக்கொள்வார்கள், மலிவாகவும் இருக்கும். ஒற்றை இயந்திர ஃபைபர் படகு, கூரை இல்லை, ஆளுக்கொரு மிதவைச் சட்டை இருக்குமா என்பது சந்தேகம். 18 கிலோமீட்டர் வெளியே அந்த ஒற்றை இயந்திரம் நின்றால் என்ன ஆகும் என்பதை யோசித்தாலே போதும். காப்பகத்துக்குள் அனுமதி இல்லாமல் பிடிபட்டால் அபராதம் வேறு. நங்கூரத்தைப் பவளத்தின் மேலேயே போடுவதும் இந்தப் படகுகளில் நடக்கும். உரிமம் பெற்ற படகுகள் மிதவையில் கட்டுவார்கள். சிக்கனம் என்ற காரணத்துக்காக இதைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம்.

தீவுக்கே போகாமல் இருப்பது

இதுவும் ஒரு தேர்வுதான், சில குடும்பங்களுக்கு இதுவே மேல்.

ஆமை முட்டையிடுவதைப் பார்க்க வேண்டும் என்றால் சூர் நகரைத் தாண்டி இருக்கும் ராஸ் அல் ஜின்ஸ் காப்பகத்துக்குப் போங்கள். அங்கே இரவில் வழிகாட்டியோடு சிறு குழுக்களாக அழைத்துப் போய்ப் பேராமைகளைக் காட்டுகிறார்கள். கோடையில்தான் கூட்டமாகக் கரையேறும். தைமானியாத்தில் அந்தக் கோடை மாதங்களில் கரையே மூடியிருக்கும். காரில் போகலாம், கடல் குமட்டல் இல்லை. ஆமை கட்டாயம் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது என்பதை மட்டும் குழந்தைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

தாத்தா பாட்டியும் கைக்குழந்தையும் சேர்ந்த குழு என்றால் சவாதி கடற்கரை. கடல்நீர் வடியும் வற்றத்தின்போது கரையிலிருந்து அருகில் உள்ள தீவுக்கு நடந்தே போய், மேலே உள்ள காவல் கோபுரம் வரை ஏறலாம். பவளமும் ஆமையும் கிடைக்காது. கிளிஞ்சலும் கடற்பறவையும் மாலைக் காற்றும் கிடைக்கும். ஓத அட்டவணையைப் பார்த்து, வற்றத்தின் உச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே நடக்கத் தொடங்கி, நீர் திரும்ப ஆரம்பித்ததும் கரைக்கு வந்துவிட வேண்டும். போகும்போது கணுக்கால் அளவு இருந்த நீர் திரும்பும்போது இடுப்பளவு ஏறி, கூடவே இழுக்கவும் செய்யும்.

எங்கள் பரிந்துரை

மணலை மிதிப்பது முக்கியம் இல்லை என்றால், எந்தக் குடும்பத்துக்கும் செப்டம்பர் பிற்பாதி முதல் அக்டோபர் இறுதி வரை, காலை ஸ்நார்கெல் படகு. திமிங்கலச் சுறா தென்பட வாய்ப்பு உண்டு. தென்பட்டால் உடலிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருங்கள், முன்னால் போய் வழிமறிக்காதீர்கள். சுறா வராவிட்டாலும் பைனாகுலரை பாறை விளிம்புகளில் ஓட்டினால் வல்லூறுக் குஞ்சுகள் சிறகடித்துப் பழகுவது படகிலிருந்தே தெரியும். விடுமுறை டிசம்பரில்தான் என்றால் அதே படகு, தீவில் ஒரு மணி நேரம் இறங்கும் ஏற்பாட்டோடு. பள்ளி விடுமுறை ஜூலையில் என்றால் கிடைக்கும் முதல் காலைப் படகு, குழந்தைகளுக்குத் தொப்பி, உப்பு சர்க்கரைக் கரைசல்.

கிளம்பும் முந்தின நாள் மாலை காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள். மணிக்கு 15 கடல் மைலுக்கு (ஏறக்குறைய 28 கிலோமீட்டர்) மேல் காற்றோ, 1 மீட்டருக்கு மேல் அலையோ காட்டினால் நிறுவனம் "போகலாம்" என்றாலும் தேதி மாற்றக் கேளுங்கள். ட்ரோன் வைத்திருந்தால் வீட்டிலேயே விடுங்கள். ஓமானில் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது, கூடுகளுக்கு மேல் அது பருந்தைப் போலவே பயமுறுத்தும். அவசர உதவி எண் 9999. தீவில் சிக்னலை நம்பாமல், எப்போது திரும்புவீர்கள் என்பதைக் கரையில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் படகு ஏறுங்கள்.